8085 அசெம்பிளி: மனப்பாடத்தை விட்டுவிட்டு எங்கிருந்து தொடங்குவது?

மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் படிக்கிறீர்கள். இந்தப் பருவத்தில் 8085 என்ற நுண்செயலிக்கான (மைக்ரோபிராசசர்) ஆய்வகம் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் உள்ள புரோகிராம்களை அப்படியே ஒப்பித்து எழுதிவிட முடிகிறது. ஆனால் தேர்வாளர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, மூன்று எண்களுக்குப் பதில் பத்து எண்களைக் கூட்டச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. நுண்செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளி மொழியை எங்கிருந்து தொடங்குவது, இவ்வளவு பழைய நுண்செயலியை இன்று படிப்பதால் என்ன பயன் என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். என் பதிலில் பெரும்பகுதி முதல் கேள்விக்குத்தான் போகும்.

அசெம்பிளி தெரியும் என்று சொல்ல ஒரே ஒரு திறமை போதும். ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் எந்தப் பதிவகத்தில் (ரெஜிஸ்டர், நுண்செயலிக்குள் எண்ணை வைக்கும் சிறு இடம்) என்ன இருக்கிறது, எந்தக் கொடி (ஃபிளாக், கணக்கின் விளைவைக் குறித்துவைக்கும் ஒரு பிட்) 1 ஆகியிருக்கிறது, அடுத்து எந்த முகவரிக்குப் போகப்போகிறது என்பதைத் தாளில் எழுதிக் காட்ட முடிய வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவருக்குப் பாடத்திட்டத்தில் இருக்கும் அத்தனை புரோகிராம்களும் ஒரே புரோகிராமின் வேறு வேறு வடிவங்களாகத் தெரியும். இதைச் செய்யாதவர் நூறு புரோகிராம்களை மனப்பாடம் செய்தாலும் நூற்றொன்றாவதில் திணறுவார்.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். இன்டெல் 8085ஐ 1976இல் வெளியிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்த 8080க்கு +5, −5, +12 என மூன்று மின்னழுத்தங்கள் தேவைப்பட்டன. கடிகாரத் துடிப்பைத் தரவும், கட்டுப்பாட்டுக் குறிப்புகளைப் பிரிக்கவும் தனித்தனிச் சில்லுகளும் வேண்டியிருந்தன. 8085 இவற்றை உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு +5 வோல்ட் ஒன்றிலேயே ஓடியது. பெயரிலுள்ள 5 அதைத்தான் குறிக்கிறது. நாற்பது கால்கள், சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள். 16 முகவரிக் கம்பிகள் இருப்பதால் 65,536 நினைவக இடங்களை எட்டும்; ஒவ்வோர் இடத்திலும் ஒரு பைட். 6 மெகாஹெர்ட்ஸ் படிகம் பொருத்தினால் அதை இரண்டாக வகுத்து 3 மெகாஹெர்ட்ஸில் இயங்கும்.

உள்ளே நீங்கள் கையாளும் பதிவகங்கள் ஏழு: ஏ, பி, சி, டி, இ, எச், எல். ஒவ்வொன்றும் எட்டு பிட். இவற்றில் ஏ தனி, அதுதான் அக்குமுலேட்டர். எட்டு பிட் கூட்டல், கழித்தல், ஒப்பீடு எதுவானாலும் ஒரு பக்கத்தில் ஏ இருந்தே ஆகவேண்டும். கூட்டல், கழித்தலின் விடையும் ஏயில்தான் விழும். எச், எல் இரண்டும் சேர்ந்து 16 பிட் ஜோடியாகி ஒரு முகவரியைத் தாங்கும். கட்டளைகளில் 'எம்' என்று வருவது எட்டாவது பதிவகம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியொரு பதிவகம் கிடையாது. எச்எல் ஜோடி எந்த முகவரியைச் சுட்டுகிறதோ, அந்த நினைவக இடத்தின் பெயர்தான் எம். எச்எல்லில் 4500 இருந்தால் எம் என்பது 4500ஆம் இடம். எச்எல்லை ஒன்று கூட்டினால் அதே எம் இப்போது 4501. ஆய்வக வகுப்பில் நான் பார்த்த குழப்பங்களில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் தொடங்குகின்றன.

எண்களை ஹெக்ஸில், அதாவது பதினாறின் அடிமானத்தில் எழுதுகிறோம். 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகள். தேர்வாளர் கேட்ட 'பத்து எண்கள்' இங்கேதான் காலை வாரும். எண்ணிக்கையாக 10 என்று தட்டினால் இயந்திரத்துக்கு அது பதினாறு. பத்துக்கு 0ஏ என்றுதான் தரவேண்டும்.

இனி ஒரு முழு புரோகிராம். 4500ஆம் இடத்தில் எண்ணிக்கை இருக்கிறது, 4501 முதல் எண்கள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டி, விடையின் கீழ் பைட்டை 4600இலும் மேல் பைட்டை 4601இலும் வைக்கவேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளில் இருக்கும் பல கிட்களில் (8085 பொருத்திய பயிற்சிப் பலகைகளில்) பயனர் நினைவகம் 4100இல் தொடங்கும் என்பதால் அங்கிருந்தே எழுதுகிறேன். உங்கள் கிட்டில் வேறாக இருந்தால் முகவரிகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

4100 : 21 00 45 : எல்எக்ஸ்ஐ எச், 4500
4103 : 46 : மூவ் பி, எம்
4104 : 97 : சப் ஏ
4105 : 57 : மூவ் டி, ஏ
4106 : 23 : ஐஎன்எக்ஸ் எச்
4107 : 86 : ஆட் எம்
4108 : டி2 0சி 41 : ஜேஎன்சி 410சி
410பி : 14 : ஐஎன்ஆர் டி
410சி : 05 : டிசிஆர் பி
410டி : சி2 06 41 : ஜேஎன்ஜெட் 4106
4110 : 32 00 46 : எஸ்டிஏ 4600
4113 : 7ஏ : மூவ் ஏ, டி
4114 : 32 01 46 : எஸ்டிஏ 4601
4117 : 76 : எச்எல்டி

இடப்பக்கம் முகவரி, நடுவில் நினைவகத்தில் உண்மையாக உட்காரும் பைட்டுகள், வலப்பக்கம் நாம் படிப்பதற்கான பெயர். எல்எக்ஸ்ஐ பதிவக ஜோடியில் எண்ணை ஏற்றும். மூவ் இரண்டாவதில் இருப்பதை முதலாவதில் நகலெடுக்கும். ஆட் கூட்டும், சப் கழிக்கும். ஐஎன்ஆர் ஒரு பதிவகத்தையும் ஐஎன்எக்ஸ் ஒரு ஜோடியையும் ஒன்று கூட்டும், டிசிஆர் ஒன்று குறைக்கும். ஜேஎன்சி கேரி (எட்டு பிட்டை மீறிய 1) இல்லை என்றால் தாவும், ஜேஎன்ஜெட் விடை பூஜ்யம் இல்லை என்றால் தாவும். எஸ்டிஏ ஏயில் இருப்பதை நினைவகத்தில் வைக்கும், எச்எல்டி நிறுத்தும். நுண்செயலிக்கு வலப்பக்கம் தெரியாது. அது காண்பது நடுப்பத்தியை மட்டும். கட்டளைக்கும் தரவுக்கும் நினைவகத்தில் எந்த வேறுபாடும் இல்லை. 23 என்ற பைட் கட்டளையாகப் படிக்கப்பட்டால் எச்எல்லைக் கூட்டும். தரவாகப் படிக்கப்பட்டால் முப்பத்தைந்து என்ற எண். கடைசியில் எச்எல்டி போட மறந்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே விளங்கும். 4118இல் பழைய குப்பை எது கிடந்தாலும் அதையும் கட்டளையாக எண்ணிச் செய்துகொண்டே போகும்.

இப்போது தாளை எடுங்கள். ஏ, பி, டி, எச்எல், கேரி, ஜீரோ என்று ஆறு பத்திகள் வரையுங்கள். தரவாக 4500இல் 03, பிறகு 90, 85, 20 என்று வைப்போம், நான்குமே ஹெக்ஸ். முதல் நான்கு கட்டளைகள் முடியும்போது எச்எல் 4500, பி 03, ஏ 00, டி 00. 'சப் ஏ' என்பது ஏயிலிருந்து ஏயையே கழிக்கிறது. விடை பூஜ்யம், கேரியும் பூஜ்யம். ஏயில் நேராக 00ஐ ஏற்ற இரண்டு பைட் வேண்டும், இதற்கு ஒன்று போதும். முதல் சுற்றில் எச்எல் 4501 ஆகிறது, ஏ 90 ஆகிறது, கேரி இல்லை. ஆகவே ஜேஎன்சி தாவி, 'ஐஎன்ஆர் டி'யைத் தாண்டிவிடுகிறது. பி 02. பூஜ்யம் இல்லை என்பதால் ஜேஎன்ஜெட் மறுபடி 4106க்கு அனுப்புகிறது. இரண்டாம் சுற்றில் 90உடன் 85, விடை 115. எட்டு பிட்டில் மூன்று இலக்கம் அடங்காது. ஏயில் 15 நிற்கிறது, மீறிய 1 கேரியில் ஏறுகிறது. இம்முறை ஜேஎன்சி தாவாது, டி 01 ஆகிறது. மூன்றாம் சுற்றில் 15உடன் 20 சேர்ந்து 35, கேரி இல்லை, பி பூஜ்யமாகிறது, சுற்று முடிகிறது. 4600இல் 35, 4601இல் 01. விடை 0135. பத்தின் அடிமானத்தில் 144, 133, 32 மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 309 வரும். 135 ஹெக்ஸும் அதுவேதான்.

இந்த ஒரு அட்டவணையை நீங்களே, புத்தகம் பார்க்காமல், நிரப்பிவிட்டால் தேர்வாளரின் கேள்விக்கு விடை கையில் இருக்கிறது. பத்து எண்களைக் கூட்ட புரோகிராமில் ஒரு பைட்டையும் மாற்ற வேண்டியதில்லை. 4500இல் 0ஏ வைத்தால் போதும்.

அடுத்து கொடிகள். அசெம்பிளியில் முடிவெடுப்பது முழுவதும் இவற்றை நம்பியிருப்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாக நடக்க வேண்டும். குறி, ஜீரோ, துணைக் கேரி, பாரிட்டி, கேரி என ஐந்து கொடிகள். எந்தக் கட்டளை எந்தக் கொடியைத் தொடும், எது தொடாது என்பது மட்டும் உண்மையிலேயே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி. மூவ், எம்விஐ (பதிவகத்தில் நேராக ஓர் எண்ணை ஏற்றுவது), எல்எக்ஸ்ஐ, எஸ்டிஏ போன்ற நகர்த்தும் கட்டளைகள் எந்தக் கொடியையும் தொடாது. ஏயில் பூஜ்யத்தை ஏற்றிவிட்டு உடனே 'ஜீரோவா?' என்று தாவல் போட்டால், அது பழைய கணக்கின் கொடியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஐஎன்ஆரும் டிசிஆரும் கேரியைத் தவிர மற்ற நான்கையும் மாற்றும். ஜோடியை ஒன்று கூட்டும் ஐஎன்எக்ஸும் ஒன்று குறைக்கும் டிசிஎக்ஸும் எதையும் மாற்றாது.

இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 16 பிட் எண் ஒன்றைக் குறைத்துக்கொண்டே போய்க் கால தாமதம் உண்டாக்கும் புரோகிராமில், 'டிசிஎக்ஸ் டி' போட்டுவிட்டு அடுத்த வரியில் ஜேஎன்ஜெட் போடுவார்கள். டிசிஎக்ஸ் ஜீரோ கொடியைத் தொடாததால் டிஇ பூஜ்யமாவதை அந்தத் தாவல் அறியவே அறியாது. கொடி முன்பு 0 ஆக இருந்திருந்தால் சுற்று முடிவில்லாமல் ஓடும். 1 ஆக இருந்திருந்தால் ஒரே சுற்றில் வெளியேறிவிடும். சரியான வழி, டிசிஎக்ஸுக்குப் பிறகு 'மூவ் ஏ, டி', 'ஓஆர்ஏ இ' என்று இரண்டு கட்டளைகளைச் சேர்ப்பது. டியையும் இயையும் பிட்டுக்குப் பிட் 'அல்லது' செய்தால், இரண்டும் பூஜ்யமாக இருந்தால்தான் விடை பூஜ்யம். ஓஆர்ஏ கொடியைத் தொடும், ஆகவே ஜேஎன்ஜெட் சரியாக வேலை செய்யும்.

துணைக் கேரி கொடியைச் சோதிக்கத் தாவல் கட்டளையே கிடையாது. அது டிஏஏ என்ற ஒரே கட்டளைக்காக இருக்கிறது. 38உம் 29உம் பத்தின் அடிமான எண்கள் என்று எண்ணிக் கூட்டினால் நமக்கு 67 வேண்டும். ஹெக்ஸ் கூட்டலோ 61 தரும். கீழ் நான்கு பிட்டிலிருந்து மேலே ஒன்று ஏறியதைத் துணைக் கேரி குறித்து வைத்திருப்பதால், டிஏஏ அதைப் பார்த்து 06ஐச் சேர்த்து 67 ஆக்கிவிடுகிறது. இரண்டு இலக்கங்களையும் தனித்தனியாகத் திருத்தும் வேலையை ஒரே கட்டளையில் முடிக்கும் இந்த அமைப்பு எனக்கு இன்றும் அழகாகத்தான் படுகிறது.

ஆப்கோடுகளை, அதாவது ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய எண்களை, மனப்பாடம் செய்யவேண்டுமா என்றால், வேண்டாம். அவற்றை நீங்களே கட்டிவிடலாம். பதிவகங்களுக்கு மூன்று பிட் எண்கள் உண்டு: பி 000, சி 001, டி 010, இ 011, எச் 100, எல் 101, எம் 110, ஏ 111. மூவ் கட்டளையின் வடிவம் 01, அடுத்து சேரும் இடம், அடுத்து புறப்படும் இடம். 'மூவ் பி, எம்' என்றால் 01 000 110. நான்கு நான்காகப் பிரித்தால் 0100 0110, அதாவது 46. மேலே உள்ள புரோகிராமில் இருப்பது அதுதான். 'மூவ் டி, ஏ' 57 வருகிறதா என்று போட்டுப் பாருங்கள். ஆட் கட்டளைக்கு முன்னொட்டு 10 000, சப் கட்டளைக்கு 10 010. 86உம் 97உம் இப்படித்தான் வந்தன. இப்போது 'மூவ் எம், எம்' என்று எழுதினால் என்ன வரும்? 01 110 110, அதாவது 76. ஒரு நினைவக இடத்தை அதற்குள்ளேயே நகர்த்துவதில் பயன் ஏதும் இல்லை என்பதால், வடிவமைத்தவர்கள் அந்த எண்ணை எச்எல்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். பட்டியலாகப் பார்க்கும்போது தொடர்பில்லாமல் தெரியும் எண்களுக்குப் பின்னால் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது.

முகவரி தலைகீழாக நிற்பதையும் கவனித்திருப்பீர்கள். 4500 என்று சொல்கிறோம், நினைவகத்தில் 00 45 என்று வைக்கிறோம். கீழ் பைட் முதலில். இந்தப் பழக்கம் 8085க்கு 8080 வழியாகவும், அதற்கு 1972இன் 8008 வழியாகவும் வந்தது. 8008 உருவானது டெக்சாஸின் சான் ஆன்டோனியோவில் இருந்த கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷனின் டேட்டாபாயின்ட் 2200 என்ற இயந்திரத்துக்காக. அந்த இயந்திரம் கணக்கை ஒவ்வொரு பிட்டாகச் செய்தது. கூட்டலில் கீழ் இலக்கத்திலிருந்துதான் தொடங்க முடியும் என்பதால் கீழ் பைட் முதலில் வருவது அதற்கு வசதியாக இருந்தது. இன்டெல் நிறுவனம் 8008ஐ எட்டு பிட்டையும் ஒருசேரக் கணக்கிடும் சில்லாகச் செய்தபோதும் இந்த வரிசையை மாற்றவில்லை. இன்று இன்டெல் வழிச் செயலி உள்ள மடிக்கணினி எதுவானாலும் எண்களை இதே வரிசையில்தான் நினைவகத்தில் வைக்கிறது.

கையால் அசெம்பிள் செய்வதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 4108இல் ஜேஎன்சி எழுதும்போது எங்கே தாவவேண்டும் என்பது இன்னும் தெரியாது, ஏனென்றால் அந்த இடத்தை நீங்கள் இன்னும் எழுதவில்லை. எனவே டி2க்குப் பின் இரண்டு பைட் இடம் விட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போங்கள். 'டிசிஆர் பி' 410சியில் விழுந்ததும் திரும்பி வந்து 0சி 41 என்று நிரப்புங்கள். அசெம்பிளர் என்ற மென்பொருள் பெரும்பாலும் செய்வதும் இதே இரண்டு நடைதான்: முதல் நடையில் ஒவ்வொரு பெயருக்கும் முகவரி கண்டுபிடிப்பது, இரண்டாம் நடையில் பைட்டுகளை நிரப்புவது. ஜிஎன்யூசிம்8085 போன்ற இலவச சிமுலேட்டர்கள் கிடைக்கின்றன, நல்லவைதாம். ஆனால் முதல் சில புரோகிராம்களைத் தாளில் தடம் பார்த்து முடித்த பிறகே அவற்றைத் திறக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிமுலேட்டர் பதிவகங்களைக் காட்டிவிடுகிறது. நீங்கள் கணிக்க வேண்டியதை அது முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் மூளைக்கு வேலை இல்லாமல் போகிறது. தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு சிமுலேட்டரில் ஒவ்வொரு படியாக ஓட்டி ஒப்பிடுங்கள்.

கிட்டில் ரீசெட் பொத்தானை அழுத்தினால் நீங்கள் தட்டி ஏற்றியது அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ரீசெட் நிரல் எண்ணியை (அடுத்த கட்டளையின் முகவரியைத் தாங்கும் பதிவகம்) 0000க்குக் கொண்டுபோகிறது. அங்கே இருக்கும், கிட்டை நடத்தும் மானிட்டர் புரோகிராம் ஓடத் தொடங்குகிறது. மின்சாரம் போகாதவரை 4100இல் இருப்பது அங்கேயே இருக்கும். சில கிட்களில் எச்எல்டிக்குப் பதிலாக மானிட்டருக்குத் திரும்பும் ஆர்எஸ்டி கட்டளையைப் போடச் சொல்வார்கள். அதைக் கிட்டோடு வரும் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டேக் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் நினைவகப் பகுதி), சப்ரூட்டீன் (அழைத்துப் பயன்படுத்தும் துணை நிரல்) இரண்டையும் பற்றி இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: சப்ரூட்டீனை அழைக்கும் 'கால்' கட்டளை தான் திரும்பி வரவேண்டிய முகவரியை ஸ்டேக்கில் வைத்துவிட்டுப் போகிறது, ஆர்இடி அதை எடுத்துக்கொண்டு திரும்புகிறது. நடுவில் நீங்கள் ஒரு புஷ் (ஸ்டேக்கில் வைப்பது) போட்டு அதற்குரிய பாப் (அதை எடுப்பது) போடாமல் விட்டால், ஆர்இடி உங்கள் தரவையே முகவரியாக எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடும்.

பயன் என்ன என்ற இரண்டாவது கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். 8085 தெரியும் என்பதற்காக மட்டும் இன்று யாரும் வேலை தரப்போவதில்லை. ஆனால் ஒரு முழுக் கணினியும் ஒரு மனிதரின் தலைக்குள் முழுதாக அடங்கும் அளவில் இருப்பது இதன் பெரும் வலிமை. மடிக்கணினியில் ஓடும் சி புரோகிராம் ஒன்றில் ஒரு சுட்டி தவறான இடத்தைச் சுட்டினால் என்ன நடக்கிறது என்பதை, எச்எல்லில் தவறான முகவரியை வைத்துப் பார்த்தவருக்கு விளக்கவேண்டியதில்லை. இதை ஆய்வகத்துக்கென்றே உள்ள பொம்மை என்றும் நினைக்காதீர்கள். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்திலிருந்து உருண்டு வெளியே வந்த சோஜர்னர் ஊர்தியின் மூளை, இதே குடும்பத்தின் 80சி85தான். 2 மெகாஹெர்ட்ஸில் ஓடியது.

அடுத்து என்ன செய்யலாம்? மேலே உள்ள கூட்டல் புரோகிராமைத் தடம் பார்த்து முடித்ததும், 4500இல் 00 வைத்தால் என்ன ஆகும் என்று தாளிலேயே கண்டுபிடியுங்கள். சுற்று ஓடாமல் விட்டுவிடும் என்று தோன்றும். உண்மையில் பி முதலில் எஃப்எஃப் ஆகி, சுற்று 256 முறை ஓடும். அதைத் தடுக்க எந்த இடத்தில் எந்தச் சோதனையைச் சேர்ப்பது என்று யோசியுங்கள். 'மூவ்' கொடியைத் தொடாது என்பதை மறக்காதீர்கள். பிறகு ஆட் எம் இருந்த இடத்தில் சிஎம்பி எம் போட்டு, வரிசையில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஏ சிறியதாக இருந்தால் ஒப்பீடு கேரியை ஏற்றும். அப்போது மட்டும் எம்மை ஏவுக்கு நகர்த்தவேண்டும்.

அதுவும் முடிந்த பின் கால தாமதச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிசிஎக்ஸ் எடுப்பது 6 கடிகாரத் துடிப்பு, மூவ் 4, ஓஆர்ஏ 4, தாவும் ஜேஎன்ஜெட் 10. ஒரு சுற்றுக்கு 24. டிஇயில் எஃப்எஃப்எஃப்எஃப் வைத்தால் 65,535 சுற்று. 3 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 0.52 நொடி வரும். சரியாக ஒரு நொடி வேண்டுமானால் சுற்றுக்குள் எத்தனை என்ஓபி (எதுவும் செய்யாத கட்டளை) சேர்ப்பது, டிஇயில் என்ன எண் வைப்பது என்று கணக்குப் போடுங்கள். என்ஓபி ஒன்றுக்கு 4 துடிப்பு.